மில்லுக்குப் போனவள் பிள்ளை

நான் மில் வேலைக்குப் போகத் தொடங்கியபோது என் மகளுக்கு எட்டு மாதம். அவளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியே அப்போது எங்கள் வீட்டில் எழவில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடு இருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயை இழந்த தம்பியைத் தன் பத்தாவது வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவரைவிடப் பிள்ளையை யார் நன்றாகப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களுக்கு ராசிபுரம். தறிதான் தொழில். யுத்தம் வந்த பிறகு நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, பாவு போட வழியில்லாமல் தறி மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. சேலத்துக்கு வெளியே ஒரு நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். அவருக்கு ஸ்பின்னிங்கில் வேலை, எனக்கு ரீலிங்கில். கட்டையில் இருக்கும் நூலைப் பெரிய சட்டத்தில் சுற்றிச் சிட்டமாக எடுக்கிற வேலை அது. ஊரில் ஒரு சிட்டம் நூலுக்கு அலைந்தவள், இங்கே நாள் முழுக்க நூலுக்குள்ளேயே நின்றேன்.

அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் ஒரு வயது தாண்டாமல் போய்விட்டன. அதற்குப் பிறகு புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அண்ணி ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவர்தான். மில்லுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் இன்னும் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி அவருக்கு ராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தார். ஒரு கையால் ராட்டை, ஒரு காலால் தூளி ஆட்டுவது என்று அவருக்குப் பழக்கம்.

மத்தியானச் சங்கு ஊதினதும் நான் வீட்டுக்கு ஓடுவேன். நடந்தால் கால் மணி நேரம், ஓடினால் அதில் பாதி. அந்தச் சங்குச் சத்தத்துக்கே எனக்குப் பால் சுரந்துவிடும். ஆனால் வீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பி மடியில் போட்டால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டுத் தலை சாய்ந்துவிடும்.

"தூங்கற புள்ளைய எதுக்கு எழுப்பறே? என்ர கையில புள்ளை அழுதுன்னு ஒரு நாளாச்சும் அக்கம்பக்கத்துல சொன்னாங்களா?" என்பார் அண்ணி.

ஒருவரும் சொல்லவில்லை. இவ்வளவு சாதுவான பிள்ளை உண்டா என்றுதான் சொன்னார்கள். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

ரீலிங்கில் என் பக்கத்தில் நின்றவள் ஒருநாள் கேட்டாள். "உம்பட புள்ளைக்கு ஒரை மருந்துல அபின் சேக்கறாங்களா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "எங்க ஊட்டுல மாமியார் கொடுக்கறாங்க. நம்ம வரிசையில பாதிப் பேர் ஊட்டுல கொடுக்கறதுதான்" என்று அவள் சட்டத்தைச் சுழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அண்ணியிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. உரைத்துக் கொடுக்கிற வசம்பு, ஜாதிக்காய் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே கருப்பாக, வெல்லப்பாகு இறுகினது மாதிரி ஒரு துண்டு.

"கடுகுல பாதி. அதுக்கு மேல கொடுக்க மாட்டேன். தவழ்ற புள்ளை. ராட்டை சுத்தும்போது கைய உட்டுச்சுன்னா வெரல் போயிரும். பாத்துருக்கறேன். அதுக்கு இது பரவால்ல."

என் வீட்டுக்காரர் அப்போது குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன்.

"நானும் அதைத் தின்னு வளந்தவன்தான். எனக்கென்ன குறைஞ்சு போச்சு? அக்காவுக்குத் தெரியாதா? நீ சும்மா வெசனப்படாதே" என்றார்.

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அவர் நன்றாகத்தான் இருந்தார். அத்தோடு பேச்சை விட்டுவிட்டேன். அதற்காகப் பின்னால் என்னை நானே பலமுறை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மில்லுக்குள்ளேயே, கேட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கென்று ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை இருந்தது. பெண்கள் வேலை செய்கிற இடத்தில் அப்படி ஒன்று இருக்கவேண்டும் என்று சர்க்கார் உத்தரவாம். பிள்ளைக் கொட்டாய் என்று சொல்வோம். விட்டத்தில் வரிசையாகத் தூளிகள், ஒரு ஆயா, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நர்சம்மா. அவருக்கு முப்பது வயது இருக்கலாம், கல்யாணம் ஆகவில்லை. நானூறு பெண்கள் வேலை செய்த இடத்தில் அங்கே விடப்பட்ட பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டுதான். எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் ஒரே பாலாடையில் பால் புகட்டுகிறார்கள் என்று சிலர் விடவில்லை. ஆள் இல்லாதவள்தான் அங்கே விடுவாள், வீட்டில் பெரியவர்கள் இருந்தும் விட்டால் அவர்களுக்கு அவமானம் என்று சிலர் விடவில்லை. நானும் அந்தப் பக்கம் போனதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூளியிலிருந்து எடுத்தேன். தலை தொங்கியது. கன்னத்தைத் தட்டினேன், அசையவில்லை. இமையை விரலால் தூக்கிப் பார்த்தேன். கண்மணி ஊசிமுனை அளவு இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் கை வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் செத்துப் பிழைத்தேன்.

"அண்ணி, என்ன கொடுத்தீங்க?"

"எப்பவும் கொடுக்கறதுதான், சாமி. பழசு தீந்து போச்சுன்னு புதுத் துண்டு வாங்கியாந்தேன். அதே அளவுதான்…" என்றவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் மில்லுக்கு வருவார், அன்று அவர் வரும் நாள் இல்லை. கொட்டகைக்குள் நான் நுழைந்ததும் நர்சம்மா பிள்ளையை வாங்கினார். இமையைத் தூக்கிப் பார்த்தார். "அபினா?" என்றார். தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் அடித்தார். உள்ளங்காலில் விரலால் சுண்டினார். பிள்ளை முகத்தைச் சுளித்ததும், பால் கலக்காத கடும் காப்பி போடச் சொல்லி ஆயாவை அனுப்பினார். பிள்ளை விழுங்குகிறாளா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். "தூங்க விடக்கூடாது. தூங்கினா மூச்சு நின்னுடும். தூக்கிட்டு நட. பேசிக்கிட்டே இரு" என்றார்.

கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. சங்கு ஊதி எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ரீலிங் மேஸ்திரி வாசலில் வந்து நின்று, சட்டம் சும்மா நிற்கிறது என்றார்.

"இந்தப் புள்ளை கண்ணைத் திறக்கட்டும், அப்புறம் இவ வந்து உங்க நூலைச் சுத்துவா. போங்க" என்றார் நர்சம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நாலு மணி வாக்கில் பிள்ளை வீறிட்டு அழுதாள். வீட்டில் அவள் அப்படி அழுது நான் கேட்டதே இல்லை. நர்சம்மா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே வந்து பார்த்தேன். அண்ணி என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். வாட்ச்மேன் உள்ளே விடாததால் கேட்டுக்கு வெளியே வெயிலில் அத்தனை நேரமும் நின்றிருக்கிறார். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டு, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரும் அழுதார். எனக்கு அவரிடம் போகத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து பிள்ளையைக் கொட்டகையில் விட்டேன். யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் மெதுவாக, "அக்கா வேணும்னா செஞ்சுச்சு? அது மனசு என்ன ஆகும்?" என்றார். "உங்க அக்கா மனசைப் பாத்தா எம்புள்ளை உசுரை ஆருங்க பாக்கறது?" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அண்ணி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. சோறு போடுவார், தட்டை என் பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான்.

கொட்டகைக்கு விட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. நர்சம்மாவுக்குக் கடிகாரம்தான் தெய்வம். காலைச் சங்குக்குப் பிறகு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். அப்போதுதான் தாய்மார் போய்ப் பால் கொடுக்கலாம். நடுவில் பிள்ளை அழுதால் தூக்கக்கூடாது. அழுததும் தூக்கினால் பழக்கம் கெட்டுவிடும் என்பார். ரீலிங் கட்டடத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு முற்றம்தான். அபின் இல்லாத என் பிள்ளை அழுதாள், அழுதாள், நாள் முழுக்க அழுதாள். பத்துப் பிள்ளை அழுகிற சத்தத்தில் அவள் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். மார்பு கட்டிச் சேலை முன்பக்கம் நனைந்துவிடும். மணி அடிக்காது.

நாலாவது நாள் சட்டத்தை விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

"இன்னும் நேரம் ஆகலை" என்றார் நர்சம்மா.

"புள்ளைக்குப் பசிச்சாச்சுங்க. எனக்கும் கட்டியாச்சு."

"புஸ்தகத்துல மூணு மணி நேரத்துக்கு ஒரு தரம்னுதான் இருக்கு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க."

"அந்தப் புஸ்தகம் எழுதினவங்களுக்குப் பால் சுரந்துச்சுங்களா?"

ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்சம்மா சிரிக்கவில்லை. என் மகளின் உயிரைக் காப்பாற்றியவரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று எனக்கும் உடனே வெட்கமாகிவிட்டது. ஆனால் அவர் பிள்ளையை எடுத்து என்னிடம் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து காலையில் இன்னொரு மணி கூடுதலாக அடித்தது.

இரண்டு மாதம் கழித்துக் கொட்டகையில் நாலு பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை வந்தது. அதில் என் மகளும் ஒருத்தி. உடம்பெல்லாம் சிவந்து, கண் பீளை கட்டிக் கிடந்தாள். வரிசை வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ப் புள்ளைங்களோட போட்டா வராம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணியும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. வேப்பிலையைப் பரப்பிப் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளுக்கு மேல் எனக்கு லீவு கிடைக்கவில்லை. நாலாம் நாள் காலையில் புறப்படுவதா வேண்டாமா என்று வாசற்படியில் நின்றேன்.

அண்ணி பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே பேசினார். இரண்டு மாதத்தில் முதல் பேச்சு. "அந்த டப்பிய அன்னைக்கே சாக்கடையில போட்டுட்டேன். ராட்டையையும் மடக்கி வெச்சுட்டேன். போயிட்டு வா."

போனேன். மத்தியானம் வந்து பார்த்தபோது பிள்ளை விழித்திருந்தாள். இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்கு உடம்பு தேறிவரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சம்மா வீட்டுக்கு வந்தார். நோய் வந்த நாலு பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி, கொட்டகையில் விட்டதால்தானே சீக்கு வந்தது, வீட்டிலேயே மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்டாள்.

நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மணல்வாரி வந்தாப் போயிடும். நீங்க கொடுக்கற கருப்பு உருண்டை அப்படி இல்லை. இந்த வரிசையில எத்தனை பேர் பிள்ளையைப் புதைச்சிருக்கீங்க? தூக்கத்துலேயே போச்சுன்னு சொல்லுவீங்களே, அதெல்லாம் எப்படிப் போச்சுன்னு நினைச்சீங்க?"

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சிக் கிண்ணம் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நர்சம்மாவுக்கு அவர் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் காலையில் நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது அண்ணி பின்னால் வந்து நின்றார்.

"ரண்டுக்கும் நான் கொடுத்தேன். அப்ப நான்தானா?"

"இல்லீங்க அண்ணி. அப்படியெல்லாம் இல்லை."

"உனக்கெப்படித் தெரியும்? நீ பாத்தியா?"

எனக்குத் தெரியாது. நான் பார்க்கவும் இல்லை. அவர் சேலையை மாற்றிக்கொண்டு என்னோடு மில்லுக்குப் புறப்பட்டார். வாட்ச்மேனிடம் நான் கெஞ்சி, நர்சம்மாவையே கேட்டுக்கு வரச் சொன்னேன். அண்ணி அவரிடம் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார். இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் கொடுத்தேன், இரண்டும் இல்லை, சொல்லுங்க என்றார்.

நர்சம்மாவின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். பிறகு அண்ணியின் கையைப் பிடித்து, கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். முதல் பிள்ளைக்கு இறக்கும்போது எத்தனை மாதம், காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாள், வயிறு எப்படி இருந்தது, அழுதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். மூத்தவனுக்கு ஏழு நாள் காய்ச்சல். இரண்டாவது பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு, அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தூக்கம், அப்படியே போய்விட்டாள். அந்தத் தூக்கத்தைச் சொல்லும்போது அண்ணி நர்சம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையனுக்கு வந்தது விஷக்காய்ச்சல்மா. பொண்ணுக்கு வயித்துப்போக்குல உடம்புத் தண்ணியெல்லாம் போயிடுச்சு. அப்படிப் போனா பிள்ளை தூங்கற மாதிரிதான் கிடக்கும். நீங்க காரணம் இல்லை" என்றார் நர்சம்மா.

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அண்ணி கும்பிட்டுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நர்சம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பிள்ளையைப் பற்றி அவர் சொன்னது அவருக்கு உறுதியாகத் தெரிந்துதானா என்று நான் கேட்க நினைத்தேன். சங்கு ஊதிவிட்டது. பிறகும் கேட்கவில்லை.

மகள் உடம்பு தேறியதும் திரும்பக் கொட்டகைக்கே போனாள். அண்ணி அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த இரண்டாம் வருஷம் மகன் பிறந்து, நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தபோது, "இவனை என்ர கிட்ட உடு" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சரி என்றேன்.

நர்சம்மா கேட்டார். "பொண்ணை இங்கே விடறே, பையனை வீட்டுல விடறே. பயமா இல்லையா?"

"இல்லீங்க" என்றேன். அது முழு உண்மை இல்லை. முதல் ஒரு மாதம் மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகனின் கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். அண்ணி அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் நான் வாசலுக்கு வருவதற்குள் அவரே பிள்ளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்துக்கோ" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வரிசை வீடுகளில் எந்தப் பிள்ளையாவது பகலில் அதிகம் தூங்கினால் அண்ணி போய்ச் சண்டை போடுவார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் கேட்கவில்லை. பிள்ளை வளர்த்துக் கரையேற்றாதவள் எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார், சொல்லிவிட்டு உலை வைக்கப் போனார். மறுநாளும் அதே வீட்டுக்குப் போனார்.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் நர்சம்மா வேறு ஊருக்கு மாறிப் போனார். என் மகள் மூன்றரை வயது வரை கொட்டகையில் வளர்ந்தாள். தானே சாப்பிடுவாள், யாரிடமும் போவாள், அழ மாட்டாள். மகன் அண்ணியின் இடுப்பை விட்டு இறங்கவே நாலு வயது ஆனது. இரண்டில் எது நல்ல வளர்ப்பு என்று என் வீட்டுக்காரரும் அண்ணியும் நானும் பேசாத நாள் கிடையாது. எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்ததும் கிடையாது.